ஏழுக்கு நான்கு

9,75,000 என்ற எண்ணின் அரசியலைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் இங்கே அதன் கணக்கைப் பார்க்க விரும்புகிறேன்.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையில், இலங்கையில் நாடற்றவர்களாயிருந்த இந்திய வம்சாவளியினரின் தொகை இதுவெனக் கொள்ளப்பட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும்.

9,75,000 ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் மூன்று 2, ஒரு 3, ஐந்து 5, ஒரு 13 கிடைக்கும். 13 ஐ ஒதுக்கிவிட்டு மற்றவற்றைப் பெருக்கினால் 75,000. ஆக, மொத்தம் பதின்மூன்று பங்கு. இந்தியாவுக்கு ஏழு, இலங்கைக்கு நான்கு, முடிவாகாதவை இரண்டு. அந்த இரண்டையும் 1974 இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். பதினைந்து வருடத் தவணைக்கும் எண்கள் இசைந்தே நின்றன: ஆண்டுக்கு 35,000 பேர் போக வேண்டும், 20,000 பேர் பிரஜையாக வேண்டும். மீதி வராத வகுத்தல்!

தலைகளை எண்ணிப் பெற்ற தொகை இவ்வளவு அழகாக வகுபடுவதில்லை. உடன்படிக்கையே 'ஏறத்தாழ' என்றுதான் சொல்கிறது. இது பேரம் பேசுவதற்கு வசதியான எண் என்பதே என் கருத்து. பேரம் பேசியவர்கள் இரு பிரதமர்கள். பங்கிடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

கேட்டபோது விடை வேறாக வந்தது. இந்தியாவுக்கு விண்ணப்பித்தோர் 5,25,000 ஐ எட்டவேயில்லை. இலங்கைப் பிரஜாவுரிமை கோரியவர்களோ 3,00,000 இன் இரு மடங்கையும் தாண்டினார்கள்.

இந்த விகிதம் காகிதத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். டட்லி சேனாநாயக்கா அரசின் 1967 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எழுவர் இந்தியப் பிரஜையானால் நால்வர் இலங்கைப் பிரஜையாகலாம். 1971 இல் அது திருத்தப்பட்டது: எழுவர் உண்மையாகவே கடல் கடந்தால்தான் நால்வருக்கு உரிமை. பதுளையிலிருந்து பசறை தாண்டிப் பிபிலை போகும் பாதையில் இருக்கிறது லுணுகலை. அங்கே லயத்துக் காம்பறாவில் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த ஒருவரின் பிரஜாவுரிமை, எங்கோ முன்பின் தெரியாத எழுவர் தலைமன்னாரில் கப்பல் ஏறுவதில் தங்கியிருந்தது. அந்த எழுவரில் சிலர் அவருடைய உடன்பிறந்தவர்களாகவும் இருந்திருக்கலாம். ஒரே குடும்பம் இரு நாடுகளாய்ப் பிரிந்த கதைகள் ஊவாவில் ஏராளம். பதுளைப் புகையிரத நிலையத்தில் அவர்கள் ஏறிய வண்டிக்கு மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள்.

1984 இல் கப்பல் நின்றது. ஏழு தடைப்பட்டதும் நான்கும் தடைப்பட வேண்டும். கணக்கு அப்படித்தான் இருந்தது. பின்னர் 1988 இல் ஒரு சட்டமும் 2003 இல் மற்றொரு சட்டமும் வந்தன. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. உடன்படிக்கையின் தேதி அதில் இருக்கிறது; விகிதம் இல்லை.