குளிர்நாட்டுக் கண்ணாடிக் கூண்டும் கொச்சியின் காற்றும்: மரமலைப்பாம்பின் உறைவிட வரலாறு

பச்சை மரமலைப்பாம்பை வளர்ப்பதற்கென எழுதப்பட்ட கையேடுகள் ஏறத்தாழ ஒரே வரிசையில் பேசுகின்றன. நாற்புறமும் அடைத்த பெட்டி, முகப்பில் கண்ணாடி, மேலே வெப்பத் தகடு, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, நாள்தோறும் நீர்த்தெளிப்பு. இப்பட்டியல் அப்பாம்பின் இயல்பிலிருந்து நேரடியாகப் பிறந்தது என்றே வாசகர் கொள்வர். அது பாதி உண்மை. எஞ்சிய பாதி ஐரோப்பியக் குளிர்காலத்தின் வரலாறு. அதே பட்டியலைக் கொச்சியின் தேவராவிலுள்ள ஒரு வீட்டுக்குள் அப்படியே கொண்டுவந்தால் என்ன நேரும் என்று கேட்கும்போதுதான் இவ்விரு பாதிகளும் பிரிந்து தெரிகின்றன.

இப்பாம்பு இந்தியாவுக்குரியதன்று. நியூகினி, அதனையடுத்த அரூ முதலிய தீவுகள், ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் முனை ஆகியவையே இதன் நிலம். ஆயினும் இது அறிவியலுக்குள் நுழைந்த வழி கொச்சிக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக வலை மலபாரையும் கிழக்கேயுள்ள மசாலாத் தீவுகளையும் ஒருசேரப் பிணைத்தது. கொச்சியின் டச்சுத் தளபதி வான் ரீட் தொகுப்பித்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. இரு நூற்றாண்டுகள் கழித்து, 1872இல், ஹெர்மன் ஷ்லேகல் அரூ தீவுகளின் பச்சைப் பாம்புக்குப் பெயரிட்டு வெளியிட்டதும் அதே நகரின் விலங்குக் காட்சிச்சாலை பற்றிய ஒரு நூலில்தான். மலபாரின் செடிகள் தாளிலும், அரூவின் பாம்பு காட்சிச்சாலையின் பக்கங்களிலுமாக ஒரே துறைமுக நகரைச் சென்றடைந்தன.

அக்காலத்து ஐரோப்பாவில் வெப்பநாட்டுப் பாம்பை உயிரோடு வைத்திருப்பது எளிதாக இல்லை. உலகின் முதல் ஊர்வன இல்லம் எனப்படுவது 1849இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் திறக்கப்பட்டது. 1845இல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியதால் பெரிய கண்ணாடிப் பலகைகள் மலிந்திருந்தன. இக்கால இயைபைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட இயலாது. உள்ளே வெப்பம் காப்பதற்குப் பாம்புகளுக்குக் கம்பளிப் போர்வை அளிக்கும் வழக்கமும் இருந்தது. அங்கிருந்த ஒரு போவா தன் போர்வையையே விழுங்கிப் பல நாட்கள் கழித்துக் கக்கியது அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்ட செய்தி. நகைப்புக்குரியதாயினும் அது ஒரு சான்று: வெப்பம் எங்கே, எந்த அளவில், எந்த வடிவில் வேண்டும் என்பது எவருக்கும் தெளிவாக இருக்கவில்லை. 1852இல் அதே இல்லத்தின் காவலர் எட்வர்ட் கர்லிங் நாகம் கடித்து இறந்தார். அடைப்பு என்பது உள்ளிருக்கும் உயிருக்கு மட்டுமன்று, அதைத் திறப்பவருக்கும் உரியது என்ற பாடத்துக்கு அங்கே ஓர் உயிர் விலையாயிற்று.

இக்குழப்பத்தைத் தீர்த்தவர்களுள் முதன்மையாக நினைக்கத்தக்கவர் ஜோன் பிராக்டர். 1923இல் லண்டன் காட்சிச்சாலையின் ஊர்வனக் காப்பாளரான இவர், வாழ்நாள் முழுதும் நோயுடன் போராடி 1931இல் மறைந்தார். 1927இல் திறக்கப்பட்ட புதிய ஊர்வன இல்லம் இவர் வடிவமைத்தது. கட்டடம் முழுவதையும் ஒரே சூட்டில் வைப்பதற்கு மாறாக, வெவ்வேறு உறைவிடங்களுக்கு வெவ்வேறு வெப்பம் என்ற கொள்கையை அவர் செயற்படுத்தினார். புற ஊதாக் கதிரை உள்ளே விடும் சிறப்புக் கண்ணாடியையும் பயன்படுத்தினார். இன்றைய கையேடு ‘வெப்பச் சாய்வு’ எனக் குறிப்பிடும் கருத்தும் இதே நோக்கின் நீட்சியே: ஒரு கூண்டின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை தணிந்தும் இருக்கட்டும், இடத்தைப் பாம்பே தேர்ந்துகொள்ளட்டும். மரமலைப்பாம்புக்குச் சூடான முனையில் ஏறத்தாழ 31 டிகிரி செல்சியசும், தணிந்த முனையில் 25 டிகிரியும் இன்று பரிந்துரைக்கப்படுகின்றன.

பிராக்டரின் கொள்கை பொதுவானது. அவருடைய கருவிகள் லண்டனுக்குரியவை. கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இரவில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. காயலின் ஒரு கரையில் தேவராவும் மறுகரையில் மட்டாஞ்சேரியும் அமைந்த இந்நிலப்பரப்பில், லண்டன்காரர் பெரும் பொருட்செலவில் உண்டாக்கிய காற்று வீட்டுச் சன்னல் வழியே தானாக வந்து நிற்கிறது. ஆகவே இங்கே சிக்கல் தலைகீழாகிறது. வெப்பத் தகடு பெரும்பாலும் வேண்டியதில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மூடிய கண்ணாடிப் பெட்டி மிகையாகச் சூடேறுவதே அச்சம். ஆடி மாதத்தில் நீர் தெளிப்பது ஈரத்துக்குமேல் ஈரம். பூஞ்சையும் நுண்ணுயிர்களும் அதில் செழிக்கும். இப்பாம்புக்கு ஈரம் தேவைதான். தன் சுருள்களில் தங்கிய நீர்த்துளிகளையே அது பருகும். ஆனால் ஈரமும் உலர்வும் மாறிமாறி வரவேண்டும். காற்றோட்டமற்ற நிலைத்த ஈரத்தில் மூச்சுத்தடத் தொற்றும் தோல் நோயும் பற்றும். எனவே இங்கு முதலில் விலைகொடுத்து வாங்கத்தக்கது சூடேற்றும் கருவியன்று. எதிரெதிர்ப் பக்கங்களில் நுண்வலை பொருத்திய பெட்டியும் ஒரு சிறு மின்விசிறியும்தான். திருவனந்தபுரம் காட்சிச்சாலைக்கு 2014இல் இலங்கையின் தெகிவளையிலிருந்து வந்த ஏழு பச்சை அனகொண்டாக்களுள் சில பின்னர் எண்டமீபா தொற்றால் இறந்தன. அது வேறு இனம், நீர்வாழ்வது. ஆயினும் இந்நிலத்தில் அயல்நாட்டுப் பாம்பின் பகைவன் எது என்பதற்கு அதுவும் ஒரு குறிப்பு.

வெப்பநாடுகளுக்கே உரிய அடைப்பு மரபு ஒன்று இல்லாமலில்லை. சேலையூரில் சிறிய அளவில் தொடங்கி 1972இல் கிண்டிக்கு வந்த ரோமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணையில் திறந்தவெளிக் குழிகள் இடம்பெற்றன. வெயிலும் நிழலும் மண்ணும் இயல்பாகவே கிடைக்கும் ஊரில் குழி போதுமானது. 1978இல் பதிவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் கையாளும் முறை இன்னும் எளிமையானது. வாயைத் துணியால் கட்டிய மண்பானைகளில் பாம்புகளைச் சில வாரங்கள் மட்டும் வைத்து, நஞ்செடுத்து, காட்டில் விடுவார்கள். பானையின் நுண்துளைகள் வழியே காற்றும் ஈரமும் செல்வதால் உட்புறம் குளிர்ந்திருக்கும். கண்ணாடிக்குச் சற்றும் இயலாத வேலை அது. ஆனால் குழியும் பானையும் தரையில் வாழும் பாம்புகளுக்கே பொருந்துவன. மரத்தில் வாழ்வதற்கு உயரம் வேண்டும். அதைக் காட்டிலும் கிடைமட்டக் கொம்பு வேண்டும்.

கொம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கூண்டு விற்போர் மிகக் குறைவாகக் கருதும் உறுப்பு அதுவே. மரமலைப்பாம்பு கொம்பின் இருபுறமும் உடலைச் சுருள் சுருளாகத் தொங்கவிட்டு, நடுவில் தலையை வைத்துப் பகல் முழுதும் அசையாதிருக்கும். தென்னமெரிக்க மரகத போவாவும் தொடர்பற்ற வேறொரு மரபுவழியில் இதே இருக்கையை அடைந்திருக்கிறது. கொம்பின் பருமன் பாம்பின் உடற்பருமனை ஒட்டியிருக்கவேண்டும். வெவ்வேறு உயரங்களிலும் வெவ்வேறு சூட்டிலும் இரண்டு மூன்று கொம்புகள் வேண்டும். அவை கழற்றி எடுக்கத்தக்கனவாக இருந்தால், பாம்பைப் பிரிக்காமல் கொம்போடு வெளியே எடுத்துக் கூண்டைத் துப்புரவு செய்யலாம். வளர்ந்த ஒன்றுக்கு மும்முகமும் 60 சென்டிமீட்டர் கொண்ட பெட்டி போதும் என்பர். ஒன்றரை மீட்டர் நீளப் பாம்புக்கு அது சிறிதெனத் தோன்றலாம். பகலில் அசையாதிருக்கும் இவ்விலங்கு இரவில் இரை தேடிக் கீழிறங்கும் என்பதையும் எண்ணினால், அந்த அளவை அறுதியானதாகக் கொள்வது வளர்ப்பவரின் வசதிக்கே.

கேரளத்துச் சர்ப்பக்காவு இவ்வனைத்துக்கும் எதிர்த்திசையில் நிற்கிறது. அங்கே வேலி மனிதருக்கு. மரம் வெட்டுவதும் கண்டபடி நுழைவதும் தடை. பாம்பு விரும்பினால் இருக்கும், இல்லையேல் போகும். அதை உறைவிட அமைப்பின் வரலாற்றில் சேர்ப்பது முறையா என்ற ஐயம் எழலாம். பாம்புக்கென ஓர் இடத்தை வரையறுத்தல் என்ற பொருளில் அது சேரும்; உடைமை என்ற பொருளில் சேராது.

உடைமை பற்றிய வினா இன்று சட்டத்தினுள் நுழைந்துவிட்டது. உள்நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பதற்கு 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடமளிப்பதில்லை. அயல்நாட்டு இனங்கள் நெடுங்காலம் அச்சட்டத்துக்கு வெளியே இருந்தன. 2022இன் திருத்தம் சைட்டிஸ் உடன்படிக்கையின் இனங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகள் அவற்றை வைத்திருப்போர் பரிவேஷ் தளத்தில் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்கின. மரமலைப்பாம்பு சைட்டிஸின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளது. ஆகவே தேவராவில் ஒருவர் கூண்டு தேர்வதற்கு முன் தேடவேண்டியது ஒரு காகிதம்: அப்பாம்பு வளர்ப்பகத்தில் பிறந்தது என்னும் சான்று.

அக்காகிதத்தின் மதிப்பு யாது? ஜெசிகா லயன்ஸ், டேனியல் நாட்டுஷ் இருவரும் இந்தோனேசியாவில் நிகழ்த்தி 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளர்ப்பகத்தில் பிறந்தவை எனச் சான்றளித்து ஏற்றுமதியான பச்சை மலைப்பாம்புகளில் குறைந்தது 80 விழுக்காடு காட்டில் பிடிக்கப்பட்டவை. வெப்பமும் கொம்பும் காற்றும் பிழையின்றி அமைந்த கூண்டிலும் அத்தகைய ஒன்று இருக்கக்கூடும். தீர்வாக அவர்கள் முன்வைத்தது மிக எளிய பொருள்: குஞ்சு பொரித்தபின் எஞ்சும் முட்டையோடு. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு குஞ்சுக்கும் ஓர் ஓட்டை வளர்ப்பகம் எடுத்துக்காட்டட்டும் என்றனர்.