இசை நாடகம் (தென்காசி வட்டாரம்)

கோயில் பொட்டலில் விடிய விடியப் பாட்டும் தர்க்கமுமாக நடக்கும் புராண நாடகம். மக்கள் வழக்கில் ஸ்பெஷல் நாடகம். சுரண்டை, சங்கரன்கோவில் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் தொன்றுதொட்டு வருபவை. நாடகம் அவற்றுக்குப் பின்னால் வந்தது. தென் மாவட்டத் திருவிழாக்களில் பெரிதும் விரும்பிப் பார்க்கப்படுவது ‘வள்ளி திருமணம்’.

இன்றைய வடிவம் சங்கரதாஸ் சுவாமிகளிடமிருந்து (1867–1922) வந்தது. தூத்துக்குடியில் பிறந்த சுவாமிகள், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றவர். தெருக்கூத்தின் கதைகளை எடுத்து, வெண்பாவும் விருத்தமும் கீர்த்தனையும் உரையாடலும் கலந்து நாடகமாக்கினார். ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘கோவலன்’ எல்லாம் அவர் கொடை. 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய சிறுவர் நாடகக் குழுவான பாலர் சபையில்தான் நாடகக் கலைஞர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றனர்.

இவ்வட்டாரத்தின் பெருமை பாடக நடிகர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933). ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை எட்டிய குரல் அது. பாடகியும் நடிகையுமான கே.பி. சுந்தராம்பாளுடன் அவர் நடித்த நாடகங்களுக்குக் கூட்டம் அலைமோதியது. விடுதலைப் போராட்டக் காலத்தில் இதே மேடையில் தேசியப் பாடல்கள் ஒலித்தன. அவற்றைப் பாடிப் பலமுறை சிறை சென்ற நாடக நடிகர் விஸ்வநாததாஸ், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர்நீத்தார்.

1931இல் தமிழ்ப் பேசும்படம் வந்தபின் நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. கொட்டகைகள் சினிமாவுக்குப் போயின. நாடகத்தைக் காப்பாற்றியது ஊர்ப் பொட்டல்தான். ஊர்க்காரர்கள் வரி போட்டு, ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அழைக்கிறார்கள். சேர்ந்து ஒத்திகை பார்க்கும் வழக்கம் கிடையாது. அன்று மாலைதான் முதன்முதலாகச் சந்தித்த இருவர்கூட அன்றிரவே வள்ளியும் நாரதருமாக மேடையில் நிற்பதுண்டு.

இந்த இருவரும் பாட்டில் நடத்தும் தர்க்கம்தான் ‘வள்ளி திருமண’த்தின் உயிர். வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் கிளி விரட்டுவாள். நாரதர் வந்து கேள்வி தொடுப்பார். அவர் பாட்டில் கேட்டால் இவள் அதே மெட்டில் மடக்க வேண்டும். ஆர்மோனியக்காரர் பின்பாட்டில் சுருதியைத் தாங்கிக்கொள்வார். கதை எல்லோருக்கும் தெரியும். யார் எப்படிப் பாடுகிறார், எப்படி மடக்குகிறார் என்று கேட்கத்தான் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. பழைய பாட்டு மனப்பாடமாகத் தெரிந்த பெரியவர்கள் முன்வரிசையில் இருந்தால் நடிகருக்கு ஒரு சொல்கூடப் பிசகக் கூடாது.

இன்று பலர் பபூன் காமிக் முடிந்ததும் பாயைச் சுருட்டிவிடுகிறார்கள். சுவாமிகளின் தமிழ் அதற்குப் பிறகுதான் வருகிறது. நாடகத்துக்குப் போகிறவர்கள் தர்க்கம் முடியும்வரையாவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.