திண்ணையில் வளர்ந்த கணக்கு

சென்னை மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் நடக்கின்றன என்று கணக்கெடுக்கும்படி 1822-இல் கவர்னர் தாமஸ் மன்றோ உத்தரவிட்டார். 1826-இல் அவர் முன்வைத்த எண்ணிக்கை 12,498. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. தமிழ் மாவட்டங்களில் இருந்தவை பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். அங்கே ஆசிரியர் ஒருவர்தான். மணலும் ஓலையும் எழுத்தாணியுமே கருவிகள்.

அந்தத் திண்ணைகளில் கணக்குப் பாடம் நான்கு சுவடிகளைச் சுற்றி அமைந்திருந்தது. பொன்னிலக்கம் எண்களையும் பின்னங்களையும் கற்பித்தது, நெல்லிலக்கம் முகத்தலளவைகளை, எண்சுவடி பெருக்கல் வாய்பாடுகளை, குழிமாற்று நிலப்பரப்புக் கணக்கை.

இன்றைய ஆசிரியர்கள் வியக்கக்கூடியது பொன்னிலக்கத்தின் வரிசை. ஒன்று, இரண்டு என்று அது தொடங்குவதில்லை. முந்திரியில் தொடங்குகிறது, அதாவது 1/320. இரண்டு முந்திரி சேர்ந்தால் அரைக்காணி, இரண்டு அரைக்காணி சேர்ந்தால் காணி, நான்கு காணி சேர்ந்தால் மா. இப்படிக் கூட்டிக்கொண்டே போய்த்தான் பிள்ளைகள் கால், அரை, முக்கால், ஒன்று என எட்டினார்கள். இன்று பல குழந்தைகள் தடுமாறும் பின்னம் அங்கே முதல் பாடமாக இருந்தது.

பாடத்துக்கும் ஊருக்கும் இடைவெளி இல்லை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. முக்கால் படி அரிசி எத்தனை ஆழாக்கு என்று கேட்டால், வீட்டில் அளப்பதைப் பார்த்து வளர்ந்த சிறுவன் ஆறு என்பான். தஞ்சைப் பகுதியில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. பக்கத்துக்குப் பதினாறு கோல் நீளமுள்ள சதுர வயல் 256 குழி என்பதைக் குழிமாற்று மனத்தில் நிறுத்தியது.

எல்லாம் வெறும் மனப்பாடம் என்று பிற்காலக் கல்வி அதிகாரிகள் குறை சொன்னார்கள். அது பாதி உண்மைதான். மணலில் விரலால் எழுதியதை உரக்கச் சொல்லி, மற்றவர்களோடு சேர்ந்து முறை வைத்து ஒப்பித்து, பிறகு ஓலையில் தன் கையாலேயே எழுதினான் மாணவன். படிப்பு முடியும்போது அவன் கையில் இருந்த எண்சுவடி அவனே எழுதிய நூல். வாய்பாட்டின் இறுதியில் விடைகளின் மொத்தக் கூட்டுத்தொகையும் வரும். தன் பிழையைத் தானே கண்டுபிடிக்க அது உதவியது.

விளையாட்டுக்கும் இடமிருந்தது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ண வழி சொல்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். விடை எப்போதும் சரியாக வருமா என்பது வேறு கேள்வி. பழத்தை உற்றுப் பார்த்து, எண்ணி, ஊகித்து, அறுத்துச் சரிபார்க்கும் ஆவலை அது தூண்டுகிறது.

திண்ணையின் முறை கடல் கடந்தும் போனது. 1789 முதல் 1796 வரை எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். திண்ணைகளில் சட்டாம்பிள்ளை எனும் மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் போலவே அங்கும் மாணவரே மாணவருக்குக் கற்பித்தனர். 1797-இல் அவர் இதைப் பற்றி வெளியிட்ட நூலுக்குப் பிறகு, இங்கிலாந்தில் இது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது.

இந்தக் கல்வியைப் பொற்காலமாகக் கொண்டாட முடியாது. மன்றோவின் கணக்கில் 1,88,650 மாணவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திண்ணையில் இடமில்லை. பிரம்படியும் சாதாரணம்.

அரசுப் பாடத்திட்டமும் அச்சுப் புத்தகமும் பரவியபோது திண்ணைகள் மெல்ல மறைந்தன. 1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணயமும், அடுத்து மெட்ரிக் அளவைகளும் வந்தபின் மாகாணி, வீசம் போன்ற பழைய பின்னங்களுக்கு அன்றாட வேலை போயிற்று. எண்சுவடி பழைய புத்தகமாயிற்று.

2022-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடலாலும் செயலாலும் கணக்கை நெருக்கமாக்க முயல்கிறது. அதற்குத் துணையாகத் திண்ணையின் நல்ல பழக்கங்களையும் எடுத்துக்கொள்ளலாம். முந்திரியும் காணியும் திரும்ப வர வேண்டியதில்லை. வகுப்பறைக்குள் ஒரு படியும் உழக்கும் அளவுநாடாவும் வரட்டும். பிள்ளைகள் அளக்கட்டும், ஊகிக்கட்டும், தம் கணக்கேட்டைத் தாமே எழுதட்டும். இந்த முறை ஒரு பிள்ளையும் வெளியே நிற்கக் கூடாது.