மேடையும் குடியுரிமையும்: நடுத்தர எடைக் குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தானின் தொழில்வாழ்வு – புதுச்சேரிச் சட்ட வரலாற்றுடன் ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

1948இல் நடுத்தர எடைப் பிரிவில் உலகப் பட்டம் வென்ற மார்செல் செர்தான், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில் பிறந்து மொராக்கோவில் வளர்ந்தவர். குடியேற்ற நாட்டிலிருந்து வந்த ஒருவர் பிரான்சின் தேசிய வீரராக ஏற்கப்பட்டதற்கு அவருடைய மேடைச் சாதனை மட்டுமே காரணமன்று. அதற்கு முன்பே அவருக்குக் கிடைத்திருந்த சட்டநிலையும் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அதே பேரரசில் புதுச்சேரித் தமிழர் பிரெஞ்சுக் குடிமக்களாக எவற்றைத் துறக்க நேர்ந்தது என்பதுடன் ஒப்பிடும்போது இவ்வேறுபாடு தெளிவாகிறது.

திறவுச்சொற்கள்: மார்செல் செர்தான், நடுத்தர எடை, புதுச்சேரி, அல்ஜீரியா, தனிநிலைச் சட்டம், துறப்பு, குடியுரிமை.

முன்னுரை

குத்துச்சண்டை மேடை சமத்துவத்தின் களமாகப் பேசப்படுவதுண்டு. இருவரும் ஒரே எடைப் பிரிவினர். இருவருக்கும் ஒரே விதி. வெற்றியைத் தீர்மானிப்பவை கையும் காலும் மூச்சும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளிலிருந்து பாரிசுக்குச் சென்று புகழ்பெற்ற வீரர்கள், பேரரசு எல்லாரையும் சமமாக நடத்தியதற்குச் சான்றுகளாகக் காட்டப்பட்டனர். இக்கூற்றைச் சோதிக்கச் செர்தானின் வாழ்வு ஏற்றதாகும்.

அவருடைய போட்டிகளுக்கும் புதுச்சேரிக்கும் நேரடித் தொடர்பில்லை. எனினும், அல்ஜீரியாவும் புதுச்சேரியும் ஒரே பேரரசின் குடியுரிமைச் சட்டச் சிந்தனைக்கு உட்பட்டவை. அச்சிந்தனையே இவ்வொப்பீட்டின் அடிப்படை.

தொழில்வாழ்வின் தொடக்கம்

மார்செல் செர்தான் 1916 சூலை 22 அன்று அல்ஜீரியாவின் சிதி பெல் அபேசு நகரில் ஸ்பானிய வம்சாவளிக் குடும்பமொன்றில் பிறந்தார். பின்னர்க் குடும்பம் மொராக்கோவின் காசாபிளாங்கா நகருக்குக் குடிபெயர்ந்தது. அவருடைய உடன்பிறந்தோரும் குத்துச்சண்டை பயின்றவர்கள். 1934இல் தொழில்முறை வீரராகக் களமிறங்கிய அவர், லூசியன் ரூப் என்னும் மேலாளரின்கீழ் வட ஆப்பிரிக்க நகரங்களில் தொடர்ச்சியாக வென்றார். 1938 பிப்ரவரியில் காசாபிளாங்காவில் ஓமர் குயித்ரியை வென்று பிரான்சின் வெல்டர் எடைப் பட்டத்தைப் பெற்றார். 1939 சூனில் மிலான் நகரில் சவேரியோ துரியெல்லோவை வென்று அதே பிரிவில் ஐரோப்பியப் பட்டத்தையும் அடைந்தார்.

இரண்டாம் உலகப்போர் அவருடைய வளர்ச்சிக் காலத்தைக் குறுக்கிட்டது. பிரெஞ்சுக் கடற்படையில் பணியாற்றிய அவர், போர்க்காலத்திலும் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் போட்டியிட்டார். போருக்குப்பின், 160 பவுண்டு வரையறையுடைய நடுத்தர எடைப் பிரிவுக்கு மாறினார். 1945 இறுதியில் பிரான்சின் பட்டமும் 1947 பிப்ரவரியில் ஐரோப்பியப் பட்டமும் அவர் வசமாயின. இடையே, 1946 டிசம்பரில் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் ஜார்ஜி ஆப்ராம்சை வென்றமை அமெரிக்கப் போட்டி ஏற்பாட்டாளர்களின் கவனத்தை அவர்பால் திருப்பியது. உலகப் பட்டத்திற்கான வழி அக்காலத்தில் அமெரிக்க மேடைகள் வழியாகவே சென்றது.

உலகப் பட்டமும் முடிவும்

1948 மே மாதத்தில் பெல்ஜிய வீரர் சிரில் தெலனுவாவிடம் ஐரோப்பியப் பட்டத்தை இழந்த செர்தான், சூலையில் அவரையே வென்று அதை மீட்டார். செப்டம்பர் 21 அன்று அமெரிக்காவின் ஜெர்சி நகரில் உலகப் பட்டதாரி டோனி சேலை எதிர்கொண்டார். பதினோராம் சுற்றின் முடிவில் நிலைகுலைந்த சேல் பன்னிரண்டாம் சுற்றுக்கு எழ இயலவில்லை; பட்டம் செர்தானுடையதாயிற்று. பாரிசில் பெருந்திரள் அவரை வரவேற்றது. குடியரசுத் தலைவர் வேன்சான் ஒரியோல் தம் மாளிகையில் அவரைப் பாராட்டினார்.

பட்டம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1949 சூன் 16 அன்று டெட்ராய்ட்டில் ஜேக் லமோட்டாவுடன் மோதியபோது தோளில் காயமுற்று, போட்டியைத் தொடர முடியாமல் தோற்றார். மறுபோட்டிக்காக நியூயார்க் சென்ற வானூர்தி 1949 அக்டோபர் 28 அன்று அசோர்சுத் தீவுகளில் விபத்துக்குள்ளாகி, அதிலிருந்த 48 பேரும் உயிரிழந்தனர். அவர்களுள் செர்தானும் வயலின் கலைஞர் ஜினெத் நெவேவும் அடங்குவர். நூற்றுக்கும் மேற்பட்ட போட்டிகளில் செர்தான் தோற்றவை நான்கே. அவற்றுள் இரண்டு, விதிமீறலுக்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டவை.

பிறப்பால் வந்த உரிமை

செர்தான் பெற்ற பெயர்களுள் ஒன்று ‘மொராக்கோ குண்டுவீச்சாளர்’. மொராக்கோ பிரெஞ்சுப் பாதுகாப்புக்கு உட்பட்ட நாடு. அதன் மண்ணின் மக்கள் சுல்தானின் குடிகளேயன்றிப் பிரெஞ்சுக் குடிமக்கள் அல்லர். அந்நாட்டின் பெயரைத் தாங்கிய வீரர் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்ததன் காரணத்தை அல்ஜீரியாவில் காணலாம்.

1889ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தேசிய இனச் சட்டம், அல்ஜீரியாவில் பிறந்த ஐரோப்பியக் குடியேறிகளின் பிள்ளைகளைப் பிரெஞ்சுக்காரராக்கியது. ஸ்பானிய, இத்தாலிய, மால்டா வம்சாவளியினர் பெருந்தொகையாக இவ்வழியில் குடிமக்களாயினர். அவர்கள் தம் பெயரையோ சமயத்தையோ குடும்ப வழக்கத்தையோ துறக்க வேண்டியிருக்கவில்லை. அதே மண்ணின் முஸ்லிம்களுக்கு 1865ஆம் ஆண்டின் ஆணை வேறொரு விதியை வகுத்திருந்தது: அவர்கள் பிரெஞ்சுத் தேசத்தவராகக் கருதப்படுவர், ஆனால் குடியுரிமை வேண்டுமாயின், இசுலாமியத் தனிநிலைச் சட்டத்தைக் கைவிட்டுத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

இப்பின்னணியில் 1938ஆம் ஆண்டின் காசாபிளாங்காப் போட்டி புதுப்பொருள் பெறுகிறது. அல்ஜீரிய முஸ்லிம் சமூகத்தவரான குயித்ரியும் குடியேறி மரபினரான செர்தானும் ‘பிரான்சின் பட்டம்’ என்னும் ஒரே பட்டத்துக்காக மோதினர். மேடையில் இருவருக்கும் விதி ஒன்று. மேடைக்கு வெளியே அவ்விருவருடைய சமூகங்களுக்கும் சட்டம் வெவ்வேறு வாயில்களை வைத்திருந்தது.

வெற்றி இவ்விடைவெளியை நிரப்பாது என்பதற்குச் செனகலின் செயின்ட் லூயி நகரில் பிறந்த பாட்லிங் சிக்கி முந்தைய சான்றாவார். அந்நகர மக்களின் குடியுரிமையை 1916ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்திருந்தது. முதல் உலகப்போரில் பிரான்சுக்காகப் போரிட்ட அவர், 1922 செப்டம்பர் 24 அன்று பாரிசில் ஜார்ஜ் கார்ப்பாந்தியேவை வீழ்த்தினார். நடுவர் முதலில் அவரையே தகுதிநீக்கம் செய்ய முயன்று, பின்னரே தீர்ப்பு மாற்றப்பட்டது. அடுத்த சில வாரங்களில் அவருடைய போட்டி உரிமம் முடக்கப்பட, செனகலின் உறுப்பினர் பிளேசு தியாஞ் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அவ்விவகாரத்தை எழுப்பினார். தாளில் குடியுரிமை பெற்றவருக்கும் பட்டம் பாதுகாப்பளிக்கவில்லை.

துறந்து பெற்ற உரிமை: புதுச்சேரி

புதுச்சேரித் தமிழரின் நிலை, செர்தானின் நிலையைவிட அல்ஜீரிய முஸ்லிம்களின் நிலைக்கே நெருக்கமானது. 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியர்போலச் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்திற்குள் சென்றமை தண்டனைக்குரியதாக்கப்பட்டது. அவர் பாரிசிலிருந்த உயர் நீதிமன்றம்வரை வழக்காடி வென்றார். இவ்வழக்கால் கூர்மையடைந்த சமத்துவக் கோரிக்கையின் தொடர்ச்சியாக 1881 செப்டம்பர் 21 அன்று துறப்பு ஆணை வெளிவந்தது. அதன்படி, விரும்பியவர் தம் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து, குடும்பப்பெயர் ஒன்றை ஏற்று, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம். அத்துறப்பைத் திரும்பப்பெற இயலாது. பொன்னுத்தம்பி ‘லா போர்த்’ என்னும் குடும்பப்பெயரை ஏற்றார். அச்சொல்லுக்குக் கதவு என்பது பொருள்.

துறப்பை இழப்பாக மட்டுமே காண்பது பிழையாகும். துறந்தோருள் பெரும்பான்மையினர் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஆவர். சாதி வழக்காற்றையும் உள்ளடக்கிய தனிநிலைச் சட்டத்திலிருந்து வெளியேறுவது அவர்களுக்கு விடுதலையாகவும் இருந்தது. ஆனால், அவ்விலையைக் கொடுத்த பின்னும் முழுச் சமத்துவம் கிட்டவில்லை. 1884இல் வாக்காளர்கள் ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர் என மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர். 1899இல் பட்டியல்கள் இரண்டாகக் குறைந்தபோது, துறந்தோருள் குறிப்பிட்ட தகுதிகள் உடையோர் மட்டுமே ஐரோப்பியருடன் முதற்பட்டியலில் இடம்பெற்றனர். துறந்தோர் பலர் இந்தோசீனாவில் அரசுப் பணியிலும் படையிலும் சேர்ந்து முன்னேறினர். அங்கும் ஐரோப்பியருக்கு இணையான ஊதியத்தையும் உரிமையையும் வாதாடியே பெற வேண்டியிருந்தது.

1948: ஒரே காலம், இரு வினாக்கள்

போருக்குப்பின் இச்சட்ட அமைப்பு மாறத் தொடங்கியது. 1946 மே மாதத்தின் லாமின் கேயே சட்டம், தனிநிலைச் சட்டத்தைத் துறக்காமலே கடல்கடந்த ஆட்சிப்பகுதி மக்கள் அனைவரையும் குடிமக்களாக அறிவித்தது. 1881இல் விலைகொடுத்துப் பெற்றது 1946இல் விலையின்றி வந்தது. ஆயினும், அல்ஜீரியாவுக்கென 1947இல் இயற்றப்பட்ட சட்டம், சிறுபான்மையான ஐரோப்பியருக்கும் பெரும்பான்மையான முஸ்லிம்களுக்கும் தனித்தனி வாக்காளர் தொகுதிகளை அமைத்து, இரண்டுக்கும் தலா 60 இடங்களை ஒதுக்கியது.

புதுச்சேரியில் அப்போது வினாவே மாறிவிட்டது. 1948 சூனில் இந்திய, பிரெஞ்சு அரசுகள், எதிர்காலத்தை மக்களே வாக்கெடுப்பில் முடிவுசெய்யலாம் என உடன்பட்டன. வாக்கெடுப்பை முடிவுசெய்ய வேண்டிய நகரவைகளுக்கான தேர்தல் அக்டோபர் 24 அன்று புதுச்சேரியில் நடைபெற்றது. செர்தானின் பட்டத்தைப் பாரிசு கொண்டாடிய சில வாரங்களுக்குள், பிரெஞ்சு ஒன்றியத்தில் நீடிப்பதா, இந்தியாவுடன் இணைவதா என்பதே புதுச்சேரித் தெருக்களில் வாதமாயிற்று. பிரெஞ்சுக்காரராவது எவ்வாறு என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டின் வினா, பிரெஞ்சுக்காரராக இருக்க வேண்டுமா என்பதாக உருமாறியிருந்தது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கையைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் அல்ஜீரியப் போர் முடியும்வரை ஏற்காமல் தாழ்த்தியது. அல்ஜீரியா 1962 சூலையில் விடுதலை பெற்றது. புதுச்சேரியின் சட்டப்படியான ஒப்படைப்பு அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. உடன்படிக்கையின்படி, இப்பகுதியில் பிறந்து வாழ்ந்த பிரெஞ்சுத் தேசத்தவர் இந்தியக் குடிமக்களாயினர். பிரெஞ்சுத் தேசியத்தைத் தக்கவைக்க விரும்பியோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்து வழி அறிவிக்க வேண்டும். தமிழர் மீண்டும் ஒருமுறை அறிவிப்பு ஒன்றில் கையொப்பமிட்டே பிரெஞ்சுக்காரராக நீடிக்க நேர்ந்தது. அல்ஜீரிய ஐரோப்பியருள் பெரும்பாலோர் அவ்வாண்டில் தாம் பிறந்த மண்ணை விட்டு வெளியேறினர். காசாபிளாங்காவில் அடக்கம் செய்யப்பட்ட செர்தானின் உடலும் பின்னாளில் பிரான்சின் பெர்பிஞான் நகருக்கு மாற்றப்பட்டது.

முடிவுரை

செர்தானின் திறன் ஐயத்திற்கிடமற்றது. அவருடைய வெற்றி உழைப்பால் வந்தது. ஆனால் அவ்வெற்றியைப் பிரான்சு தன்னுடையதென உடனே உரிமை கொண்டாட முடிந்தமைக்கு, அவருடைய சமூகத்துக்குச் சட்டம் எதையும் துறக்கச் சொல்லாமல் வழங்கியிருந்த இடமே அடிப்படை. குயித்ரியின் சமூகத்திடமும் புதுச்சேரித் தமிழரிடமும் அதே சட்டச் சிந்தனை முன்விலை கேட்டது. குடியேற்ற நாட்டு வீரரின் புகழைப் பேரரசின் சமத்துவத்துக்குச் சான்றாகக் கொள்ளும் வாசிப்பு, இவ்விலையைக் கணக்கில் கொள்ளத் தவறுகிறது. பிரெஞ்சிந்திய வரலாற்றாய்வு புதுச்சேரித் துறப்பு ஆணையைத் தனித்த நிகழ்வாக அல்லாமல், அல்ஜீரிய, செனகல் சட்டங்களோடு இணைத்து நோக்குமாயின், பொன்னுத்தம்பியின் சப்பாத்து வழக்கு ஒரு பேரரசின் பொதுவழக்கத்தை வெளிப்படுத்தும் ஆவணமாக உரிய இடம் பெறும்.