கப்பல் நின்ற நேரம்: காலித் துறைமுகமும் சோனகக் கல் வியாபாரிகளும்

காலிக் கோட்டைக்குள் நடந்து திரிந்தவர்களுக்குப் பெட்லர் வீதியைத் தெரிந்திருக்கும். இன்று அதன் இரு பக்கமும் நகைக்கடை, பின்னல் துணிக்கடை, முகமூடிக்கடை, தேநீர்க்கடை. வெயிலில் சிவந்துபோன உல்லாசப் பயணிகள் மர யானையைக் கையில் தூக்கிப் பார்த்து விலை கேட்கிறார்கள். பெட்லர் என்றால் சரக்கைச் சுமந்து திரிந்து விற்பவன் என்று பொருள். ஒல்லாந்தர் காலத்திலும் அந்தத் தெருவுக்குச் சோனகச் சில்லறை வியாபாரிகளின் தெரு என்ற பொருளிலேயே பெயர் இருந்தது. இந்தத் தீவுக்கு வந்து போகிறவர்களுக்கு நினைவுப் பொருள் விற்கும் தொழிலில் நமது முன்னோருக்கு இருந்த இடத்தை அந்தத் தெருப்பெயரே சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தத் தொழிலின் வரலாற்றை எழுதி வைத்தது யார்? வாங்கியவர்களா, விற்றவர்களா? இக்கட்டுரை அதைப் பற்றியதுதான்.

நமது கல் வியாபாரம் வெள்ளைக்காரனோடு தொடங்கியதல்ல. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா இங்கு கிடைக்கும் மாணிக்கக் கற்களைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். பாவாத மலைக்கு ஏறி இறங்கி, தென்கரை வழியே திரும்பும்போது அவர் காலியையும் கடந்து போனார். அங்கே இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தம்மை விருந்தாளியாக ஏற்று உபசரித்ததை அவர் குறித்து வைத்துள்ளார். அக்காலத்தில் கல் வாங்கியவர்கள் அரசர்களும் பெரு வணிகர்களும்தான். ஊர் பார்க்க வந்த ஒரு சாதாரண ஆள், போன இடத்தின் ஞாபகமாக ஒரு சின்ன மோதிரத்தை வாங்கிப் போவது அதற்கு ஐந்நூறு வருடம் கழித்து வந்த வழக்கம். அதைக் கொண்டுவந்தது நீராவிக் கப்பல்.

1840களில் பி அண்ட் ஓ கம்பனியின் கப்பல்கள் காலியில் நிற்கத் தொடங்கின. இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவுக்குப் போகும் கப்பலுக்கு இடையில் நிலக்கரி ஏற்ற ஒரு துறை வேண்டியிருந்தது. பின்னர் சீனத்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகும் பயணிகளும் இங்கேதான் கப்பல் மாறினார்கள். கரி ஏற்றி முடியும் வரை அவர்களுக்குக் கப்பலில் வேலையில்லை. சட்டைப் பையில் காசு, கையில் சில மணி நேரம், ஊரில் காத்திருக்கும் சொந்தக்காரருக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம்! 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்த பிறகு பயணம் சுருங்கியது, பயணிகள் பெருகினார்கள்.

நங்கூரம் போட்டதும் சிறு தோணிகள் கப்பலைச் சூழ்ந்துகொள்ளும். உயர்ந்த தொப்பியும் வெள்ளைச் சட்டையும் சாரமும் அணிந்த சோனக வியாபாரிகள் மேல்தளத்துக்கு ஏறி, மடியிலிருந்து சின்னப் பொட்டலங்களை அவிழ்ப்பார்கள். நீலம், சிவப்பு, புஷ்பராகம், வைடூரியம், சந்திரகாந்தக்கல் என்று துணியில் பரப்புவார்கள். கரையில் இறங்கினால் ஹோட்டல் விறாந்தையிலும் இதே காட்சி. அங்கே ஆமையோட்டுச் சீப்பு, கருங்காலியில் செதுக்கிய யானை, முள்ளம்பன்றி முள் பதித்த பெட்டி, பீரளுக் கட்டைகளால் பின்னிய பின்னல் துணி எல்லாம் இருக்கும். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியான தமது இலங்கை நூலில் காலிக் கைவினைஞரின் திறமையைப் பாராட்டியிருக்கிறார்.

ஒன்றை மறக்கக்கூடாது. விற்ற கை ஒன்று, செய்த கை வேறு. பின்னல் துணி சிங்களப் பெண்களும் பறங்கிப் பெண்களும் தலையணை முன் குந்தியிருந்து பின்னியது. கல் இரத்தினபுரிப் பக்கத்துக் குழிகளில் சேற்றை அரித்து எடுத்தது. வியாபாரத்திலும் நாம் தனித்து நிற்கவில்லை. காலிப் பகுதியைச் சேர்ந்த பி. பி. த சில்வா 1872இல் சிங்கப்பூரில் நகைக்கடை திறந்து பெயர் பெற்றார். கல்லைப் பட்டை தீட்டுவதிலும் தரகிலும் கப்பலுக்குக் கொண்டுபோய் விற்பதிலும் நம்மவரின் கை ஓங்கி இருந்தது என்பதே சரியான கூற்று.

இனி அந்தப் பயணிகள் எழுதியதைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணக் குறிப்புகளில் காலி வந்தால் அநேகமாக ஒரு கதையும் கூடவே வரும். மூர்மன் ஒரு நீலக்கல்லுக்கு இருபது பவுண் கேட்டான், கப்பல் புறப்படும் நேரத்தில் சில சிலிங்குக்குக் கொடுத்துவிட்டான், ஊருக்குப் போய்க் காட்டினால் அது கண்ணாடி! ஒருவர் எழுதியதை வாசித்துவிட்டே மற்றவர் கப்பல் ஏறினார். ஆகவே கல் வியாபாரியைக் காணும் முன்பே அவன் கள்ளன் என்று முடிவாகிவிட்டது.

இதை முழுப் பொய் என்று தள்ள முடியாது. கண்ணாடி விற்றவர்கள் இருந்தார்கள். எங்கள் மூத்தாப்பா கொழும்புக் கோட்டையில் ஒரு நகைக்கடையில் வேலை செய்தவர். அவருடைய வாப்பா காலியில் கப்பலுக்குப் போய்க் கல் விற்றவர். மூத்தாப்பா பழங்கதை பேசும்போது ஒளிக்காமல் சொல்லுவார்: "எல்லாரும் நல்லவங்க எண்டு செல்ல ஏலா மகன். கப்பல் சங்கு ஊதினா வெலயும் எறங்கும், சில பேர்ட ஈமானும் எறங்கும்."

ஆனால் அதே கதையில் விளங்காமல் எழுதப்பட்ட பகுதியும் உண்டு. முதலாவது பேரம். ஒரே விலை என்ற பழக்கம் அன்று ஐரோப்பாவிலேயே புதிது. நமது சந்தையில் முதலில் கேட்கும் விலை பேச்சைத் தொடங்கும் விலை. அதை மோசடி என்று எழுதியவர் சந்தையின் பாஷை தெரியாதவர். இரண்டாவது பெயர். மாத்தறை வைரம் என்று விற்கப்பட்டது நிறமில்லாத சர்க்கோன் கல். அது கண்ணாடியல்ல, இந்த மண்ணில் எடுக்கும் உண்மையான இரத்தினக்கல். வைரத்துக்கு அடுத்தபடியாக மின்னுவதால் அந்தப் பெயர் வந்தது. தொழிலில் உள்ள எவருக்கும் அது வைரமல்ல என்று தெரியும். வாங்கியவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தானா இல்லையா என்பதில்தான் வியாபாரியின் நேர்மை தங்கியிருந்தது. குறையை மறைத்து விற்கக்கூடாது என்ற மார்க்க ஒழுங்கு தோணியில் ஏறினவனுக்கும் உரியதுதானே.

மூன்றாவது காரணம் தொழிலின் அமைப்பு. பேருவளைச் சீனன்கோட்டைக் கல் சந்தையில் பெரும் பெறுமதியான கல்லை ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல், வாய்ச்சொல்லை நம்பித் தரகரிடம் கொடுத்துவிடுவதை இன்றும் காணலாம். ஒருமுறை வாக்குத் தவறினால் அவன் மறுபடி சந்தைக்குள் கால் வைக்க ஏலாது. நாளையும் முகம் பார்க்க வேண்டியவர்களுக்கு இடையில் நம்பிக்கை தானாக வளரும். கப்பல் பயணியோ மாலையில் போய்விடுவார், மறுபடி வரமாட்டார். அவரை ஏமாற்றியவனைக் கேட்க ஆளில்லை. ஒரே சமூகத்துக்குள், சில வேளை ஒரே குடும்பத்துக்குள், இந்த இரண்டு விதமான வியாபாரமும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. பயணிகள் கண்டது ஒன்றை மட்டும்தான்.

இதற்கு மாற்று வழியை நம்மவரே கண்டார்கள். அது பெயர் போட்ட கடை. 1860இல் காலியில் தொடங்கிய ஓ.எல்.எம். மாக்கான் மாக்கார் நிறுவனம் அதற்குச் சிறந்த உதாரணம். பலகையில் பெயர் எழுதியவன் ஓடி ஒளிய முடியாது. கல் பிழைத்தால் பெயர் பிழைக்கும். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்பு அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் அது முடிந்தது. அதற்குள் பெரிய கப்பல்கள் காலியைக் கைவிட்டுக் கொழும்புக்குத் திரும்பிவிட்டன. காலியின் கல் வியாபாரிகள் பலரும் பின்னாலேயே போனார்கள். கொழும்புத் துறைமுகத்துக்கு முன்னால், ஹோட்டல்களின் கீழ்த்தளத்திலும் யோர்க் வீதியிலும் சதாம் வீதியிலும் நகைக்கடைகள் எழுந்தன. அந்தச் செல்வம் அரசியலுக்கும் வழி திறந்தது. மாக்கான் மாக்கார் குடும்பத்தைச் சேர்ந்த சேர் முஹம்மத் மாக்கான் மாக்கார் 1931இல் அரசாங்க சபையில் உறுப்பினரானார்.

பெருமைப்படும் இடத்தில் வெட்கப்பட வேண்டியதையும் சொல்ல வேண்டும். ஆமையோட்டுச் சீப்பு அழகானது. ஆனால் அந்த ஓடு எப்படி எடுக்கப்பட்டது? உயிருள்ள ஆமையை நெருப்புக்கு மேல் பிடித்து, சூட்டில் ஓட்டின் தகடுகள் கழன்றதும் அதைக் கடலில் விட்டுவிடுவார்கள் என்று டெனன்ட் எழுதியிருக்கிறார். 1972ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தோடு கடலாமைகள் பாதுகாப்புக்குள் வந்தன. அந்தத் தொழிலும் ஓய்ந்தது. அது ஓய்ந்தது நல்லதுதான். நினைவுப் பொருளின் விலையில் யார் யாருடைய வலி சேர்ந்திருக்கிறது என்று வாங்குகிறவரும் விற்கிறவரும் கேட்க வேண்டிய கேள்வியை அது விட்டுப் போயிருக்கிறது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வாங்கியவர்கள் டயறி எழுதினார்கள், கடிதம் எழுதினார்கள், நூல் அச்சிட்டார்கள். அவை இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. விற்றவர்களும் எழுதினார்கள். என்ன கல், என்ன எடை, யாரிடம் எடுத்தது, எந்தக் கப்பலில் விற்றது, தரகு எவ்வளவு என்று கணக்கு எழுதினார்கள். மூத்தாப்பாவின் வாப்பா அரபுத்தமிழில் எழுதிய அப்படி இரண்டு கொப்பிகள் எங்கள் வீட்டு அல்மாரியின் மேல் இருந்ததை நான் சின்ன வயதில் கண்டிருக்கிறேன். வீடு திருத்தும்போது பழைய கடதாசியோடு அவையும் போய்விட்டன. அன்று அதை வாசிக்க வீட்டில் எவருக்கும் தெரியாது. "இத வெச்சி என்ன செய்ற?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் கொப்பியில் நம்மை நல்லவராகக் காட்டும் சாட்சிதான் இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. கண்ணாடி விற்ற கணக்கும் இருந்திருக்கலாம். ஆயினும் அது நமது கையெழுத்தில் இருந்திருக்கும். காலி, வெலிகம, பேருவளை, தர்கா நகர் வீடுகளில் இன்னும் சில பெட்டிகள் திறக்கப்படாமல் கிடக்கின்றன. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் கரையான் முந்துவதற்குள் இறக்கிப் பாருங்கள். எழுத்து விளங்காவிட்டாலும் எறிய வேண்டாம். வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.