மதனப்பள்ளியின் காசநோய் மருத்துவமும் மனச்சோர்வு மருந்தின் தோற்றமும்

வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, அம்மாவட்டத்து மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில், கிறித்தவ மிஷன்கள் பல கூடி நடத்திய காசநோய் மருத்துவமனை, டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஃபிரிமோத்-மோலரின் பொறுப்பில் திறக்கப்பட்டது. கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் 1940-கள் வரை இல்லாமையால், ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்து உலர்ந்த காற்றும் படுக்கை ஓய்வும் ஊட்டமான உணவுமே சிகிச்சையாக இருந்தன. மாதக்கணக்கில் படுத்தே கிடந்தோரின் மனநிலையை எடைப் பதிவும் சளிப் பரிசோதனையும் காட்டியிருக்க வழியில்லை.

இந்நிலையை மாற்றியவை ஐசோனியாசிட் என்னும் மருந்தும், வேதியியலில் அதன் உடன்பிறப்பாகிய இப்ரோனியாசிடும் ஆகும். 1952-இல் நியூயார்க் ஸ்டேட்டன் தீவின் சீ வியூ மருத்துவமனையில் இவற்றைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களுக்குப் பசியெடுத்தது. எழவே இயலாதிருந்தவர்கள் வார்டில் ஆடிக் களிக்கும் படங்கள் இதழ்களில் வெளியாயின. அதை மருத்துவர்கள் முதலில் பக்கவிளைவு என்றே கொண்டனர். ஐசோனியாசிட் மதனப்பள்ளிக் கிராமங்களில் வீட்டுச் சிகிச்சையாகவும் ஆராயப்பட்டது. வீட்டிலிருந்தே மருந்துண்பதும் மருத்துவமனையில் தங்கி உண்பதும் ஏறக்குறைய ஒரே பயன் தருவதைச் சென்னையில் நடந்த ஆய்வொன்று 1959-இல் காட்டியபின், நீண்ட படுக்கை ஓய்வுக்கு இருந்த மதிப்புப் போயிற்று.

இப்ரோனியாசிடின் வழி வேறு. நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் செரடோனின், நார்அட்ரீனலின் முதலிய மோனோஅமின்களைச் சிதைக்கும் நொதியை அது தடுப்பதாக எர்ன்ஸ்ட் செல்லர் 1952-இல் கண்டறிந்தார். நேதன் கிளைன் 1957-இல் அதை மனச்சோர்வுக்குரிய மருந்தாக முன்வைத்தார். மஞ்சள் காமாலை உண்டாக்கியதால் அது விரைவில் கைவிடப்பட்டது. ஆயினும், இந்தியச் சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952-இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் அதே மோனோஅமின்களைக் குறைப்பதும், இரத்தக் கொதிப்புக்காக அதை உண்ட சிலருக்குச் சோர்வு தோன்றியதும் ஒன்றுசேர, மனச்சோர்வுக்கு மோனோஅமின் குறைவே காரணம் என்னும் கருதுகோள் வலுப்பெற்றது. 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபுளுவாக்சிட்டின் வரை புதிய மருந்துகள் பெரும்பாலும் இதே தடத்தில் சென்றன. இது வளமான தடம், ஆனால் குறுகலானது.

பதற்றத்துக்குரிய மருந்தின் கதையும் இவ்வாறே தலைகீழாக நடந்தது. லியோ ஸ்டெர்ன்பாக்கின் ஆய்வகத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த சேர்மம் 1957-இல் சோதிக்கப்பட்டு, 1960-இல் லிப்ரியம் என விற்பனைக்கு வந்தது. அவ்வகை மருந்துகள் மூளையில் பற்றும் இடம், அதாவது அவற்றின் இலக்கு, 1977-இல்தான் கண்டறியப்பட்டது. மனச்சோர்விலும் இதுவே மீண்டும் நடந்தது: மயக்க மருந்தாகிய கீட்டமின் சில மணி நேரத்தில் மனச்சோர்வைத் தணிப்பதை 2000-இல் சிறிய ஆய்வொன்று காட்டிய பின்னரே, மூளையைத் தூண்டும் குளுட்டமேட்டை ஏற்கும் என்எம்டிஏ ஏற்பி புதிய இலக்காகப் பரவலாகக் கருதப்பட்டது. கீட்டமினின் ஒரு வடிவமான எஸ்கீட்டமின் மூக்கில் தெளிக்கும் மருந்தாக 2019-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது.