லிங்கன்ஷயர் போச்சர்

1970களின் நடுப்பகுதியிலிருந்து 2008 வரை சிற்றலையில் ஒலித்த மர்ம எண் வானொலி நிலையம். இதே பெயர்கொண்ட ஆங்கில நாட்டுப்பாடலின் மெட்டு முதலில் கேட்கும். பிறகு ஒரு பெண் குரல் ஐந்தைந்து இலக்கங்களாக 200 தொகுதிகளை வாசிக்கும். ஒவ்வொரு தொகுதியின் கடைசி இலக்கத்திலும் சுருதி சற்றே உயரும். சைப்ரஸின் அக்ரோத்திரி விமானப்படைத் தளத்திலிருந்து பிரிட்டிஷ் உளவுத்துறை இதை ஒலிபரப்பியதாகக் கருதப்படுகிறது.

இத்தகைய எண்களில் மறைந்திருக்கும் செய்தியைப் படிக்க, ஒருமுறை பயன்படுத்தி அழித்துவிடும் சங்கேதத் தாள் வேண்டும். அது பிறர் கைக்குச் சிக்காதவரை செய்தியை உடைக்க வழியில்லை. பெறுபவருக்குச் சாதாரண வானொலிப் பெட்டியே போதும். கேட்டவர் யாரென்று தடமும் இராது. இணையக் காலத்திலும் இந்தப் பழைய உத்தி நீடித்ததில் வியப்பில்லை. லிங்கன்ஷயர் போச்சரின் சகோதர நிலையமான செர்ரி ரைப் 2009இல் ஓய்ந்தது.